ஜதிஸ்வரத்துக்குக் கதை கேட்பதுண்டா?

அனிமேஷன் படம் என்று சொன்னவுடன் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிறுவர்களுக்கானதா?" என்பது. இரண்டாவது கேள்வி, "கதை என்ன?" முதல் கேள்வியோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது கேள்விதான் என்னை விடாமல் துரத்துகிறது. ஏனென்றால், நான் சோறு தின்பது கதை சொல்லும் அனிமேஷனால். எனக்கு உயிரான படங்களில் பாதிக்கு மேல் கதையே இல்லாதவை.

கதையில்லாப் படம் என்றால் மோசமாகக் கதை சொன்ன படம் அன்று. கதை சொல்லும் எண்ணமே இல்லாமல் எடுக்கப்பட்டது. கோடுகள் வரும், புள்ளிகள் வரும், ஒரு நிறம் இன்னொரு நிறத்தைத் துரத்தும், இசை முடியும்போது படமும் முடியும். நாயகன் இல்லை, வில்லன் இல்லை, கடைசியில் கல்யாணமும் இல்லை. 1920களிலேயே ஜெர்மனியில் இது தொடங்கிவிட்டது. வால்டர் ருட்மன் 1921இல் 'ஓபஸ் 1' என்று பெயரிட்டுத் தன் படத்தைத் திரையிட்டார். இசையமைப்பாளர்கள் தங்கள் படைப்புக்கு எண் போடுவதைப் போல. அதாவது அனிமேஷனில் கதை ஒரு பக்கமும் கதையின்மை ஒரு பக்கமுமாக நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தோம்.

சில நண்பர்கள் சேர்ந்து ஒரு சமூக மன்றத்தின் அறையில் குறும்படங்கள் திரையிட்டோம். நியூசிலாந்தில் பிறந்த லென் லை எடுத்த 'ஃப்ரீ ராடிக்கல்ஸ்' அன்றைய பட்டியலில் இருந்தது. திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளைக் கோடுகள் துடித்தன, முறுக்கிக்கொண்டன, ஆழத்துக்குள் திரும்பின. முன்வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் பக்கம் சாய்ந்து, "என்னம்மா, மெஷினில் ஏதும் கோளாறா?" என்றார்.

"இல்லை அங்கிள், படமே இதுதான்."

"ஓஹோ" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவருடைய வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. அந்தத் தாளம் படம் முடியும் வரை நிற்கவில்லை. விளக்குப் போட்டதும் அதே மனிதர் எழுந்து, அவையைப் பார்த்து, "எல்லாம் சரிதான், ஆனால் கதை என்ன?" என்று கேட்டார். கைதட்டல் கிடைத்தது. அன்றைய நிகழ்ச்சியில் கிடைத்த பெரிய கைதட்டலும் அதுதான்.

கை புரிந்துகொண்டதை வாய் ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறது என்பதே என் கேள்வி.

அந்தப் படம் எப்படிச் செய்யப்பட்டது என்று சொன்னால் கொஞ்சம் விளங்கும். லென் லை கேமராவைத் தொடவில்லை. கறுப்பாக இருக்கும் 16 மில்லிமீட்டர் படச்சுருளை எடுத்து, அதன் மேல்பூச்சை ஊசி போன்ற கூர்மையான கருவிகளால் கீறினார். கீறிய இடத்தில் ஒளி புகும். திரையில் வெள்ளைக் கோடாக விழும். 1958இல் முதல் வடிவத்தை முடித்தவர், 1979இல் அதை இன்னும் குறைத்து இறுக்கினார். மறு ஆண்டு இறந்துபோனார். இசை, ஆப்பிரிக்காவின் பகிர்மி மக்களிடம் பதிவு செய்யப்பட்ட தாளமும் பாட்டும்.

ஒரு பயிற்சிப் பட்டறையில் எனக்கும் ஒரு துண்டுக் கறுப்புச் சுருள் கிடைத்தது. ஒரு ஃபிரேம், அதாவது சுருளில் உள்ள ஒரு தனிப்படம், சுண்டுவிரல் நகம் அளவு: அகலம் ஒரு சென்டிமீட்டர், உயரம் அதைவிடக் குறைவு. ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். நீட்டி வைத்தால் சுமார் 18 சென்டிமீட்டர், என் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சாண் நீளத்துக்கு நேர்கோடு போட்டுவிட்டால் ஒரு வினாடிக்கு அசையாத கோடு கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்காது. கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு மயிரிழை விலகியிருக்கும். அந்த விலகல் திரையில் பல மடங்கு பெரிதாகி நடுக்கமாகத் தெரியும். கோடு நிற்கிறது, ஆனால் துடித்துக்கொண்டே நிற்கிறது. ஊசி முனையில் பூச்சு கறுப்புச் சுருளாகச் சுருண்டு வரும்; அதை ஊதித் தள்ளாவிட்டால் அதுவும் படத்தில் விழும். அப்படி ஒரு தூசி விழுந்துதான் என் சுருளில் நல்ல பகுதி என்று சொல்லத்தக்க ஒரே பகுதி அமைந்தது.

லென் லையின் நடுக்கம் அப்படி விபத்தாக வந்ததன்று. கோடு எங்கே நடுங்க வேண்டும், எங்கே கம்பி போல நிமிர வேண்டும், எங்கே ஒரேயடியாகக் காணாமல் போக வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன் இதைத் துல்லியமாகச் சொன்னார். அனிமேஷன் என்பது அசையும் ஓவியங்களின் கலை அன்று, வரையப்பட்ட அசைவுகளின் கலை. ஒரு ஃபிரேமில் இருப்பதைவிட, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் நடப்பதே முக்கியம் என்றார். அவருடைய 'பிளிங்கிட்டி பிளாங்க்' (1955) இதற்கு உரைகல். அதில் பெரும்பாலான ஃபிரேம்கள் வெறுமை. எங்கோ ஒன்றிரண்டு ஃபிரேமில் மட்டும் ஒரு கீறல், பிறகு கறுப்பு, பிறகு இன்னொரு கீறல். நடுவில் உள்ளதை நம் கண்ணே இட்டு நிரப்பிக்கொள்கிறது. கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை அந்த வெறுமைக்குத்தான் கிடைத்தது.

நான் நடனம் கற்றவள். இங்கே சிங்கப்பூரில் பிறந்த பல தமிழ்ப் பெண்களைப் போலவே, ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வலிக்க அரைமண்டியில் நின்றவள். நடனத்தைத் தொழிலாகக் கொள்ளவில்லை. ஆனால் ஃபிரேம் எண்ணும்போது இன்றும் ஆசிரியையின் தட்டுக்கழி காதில் கேட்கும். அதனால்தான் அந்தப் பெரியவரின் கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் பேத்தியின் அரங்கேற்றத்துக்குப் போயிருப்பார். அலாரிப்பைப் பார்த்திருப்பார். அதில் என்ன கதை? கண், கழுத்து, தோள், கை, கால் என்று உடல் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்தது ஜதிஸ்வரம். ஸ்வரங்கள் உண்டு, சாகித்தியம் இல்லை. பாடுவதற்கு ஒரு சொல் இல்லை, காட்டுவதற்கு ஒரு கண்ணன் இல்லை. அடவுகள், அதாவது அடிப்படை ஆட்ட அசைவுகள், கோர்வையாகப் பின்னிக்கொண்டு போய்ச் சமத்தில், தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், வந்து விழுகின்றன. விழுந்த கணத்தில் அவை கைதட்டுகிறது. எந்தத் தாத்தாவும் எழுந்து நின்று, "எல்லாம் சரி, கதை என்ன?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

தஞ்சை நால்வர் எனப்படும் நடன ஆசான்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தித் தந்த கச்சேரி முறை இது. கதை இல்லாதது முதலில், கதை பிறகு, கடைசியில் மறுபடியும் கதை இல்லாத தில்லானா. நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது இந்த வரிசையைக் கோயிலாகவே விளக்கினார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மண்டபம், வர்ணத்தில்தான் சன்னதி. இதில் ஜதிஸ்வரத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும் என்பது என் கண்ணில் பட்ட விஷயம். நிருத்தத்தை, அதாவது கதை சொல்லாத வெறும் ஆட்டத்தை, அவர் உள்ளே போகும் வழியாக வைத்தார், வெளியே தள்ளவில்லை. ஒரே மாலையில், ஒரே மேடையில், ஒரே உடலில் இரண்டும் இருக்கும் என்பது நமக்குப் பழகிப்போன செய்தி. திரை என்று வந்துவிட்டால் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

மறக்கக் காரணம் இல்லாமல் இல்லை. திரை நமக்குக் கதைப்பெட்டியாகவே அறிமுகமானது. அதிலும் நம் திரைப்படத்தில் பாட்டு வந்தால் கதை நின்றுவிடுகிறது, மலை உச்சியில் உடை மாறிக்கொண்டே இருக்கிறது, யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் கதை திரும்பி வரும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. கதையில்லாக் குறும்படம் அந்த உத்தரவாதத்தைக் கொடுப்பதில்லை.

திரை இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சாங்கி விமான நிலையத்தின் முதலாம் முனையத்தில், புறப்பாட்டுப் பகுதியில், 2012 முதல் 'கைனடிக் ரெய்ன்' என்ற அமைப்பு தொங்குகிறது. செம்பு பூசிய அலுமினிய மழைத்துளிகள், மொத்தம் 1,216. ஒவ்வொரு துளியும் மெல்லிய கம்பியில் தொங்குகிறது. ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கக் கூரையில் மோட்டார். கணினி சொல்கிறபடி துளிகள் ஏறி இறங்கி அலையாகின்றன, சரிகின்றன, சுழல்கின்றன. என் கண்ணுக்கு அது படச்சுருள் இல்லாத அனிமேஷன். ஃபிரேமுக்குப் பதிலாக மோட்டார், அவ்வளவுதான் வேறுபாடு.

சென்னைக்குப் போகும் உறவினரை வழியனுப்பப் போகும்போதெல்லாம் அதன் கீழே நின்று, மேலே பார்ப்பதைவிட அதிகமாகச் சுற்றியுள்ள முகங்களைப் பார்ப்பேன். பெட்டிகளை எடைபோட்டுச் சலித்த அத்தைகள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட அப்பாக்கள், எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். யாரும் கதை கேட்பதில்லை. ஒரு விஷயம் மட்டும் தவறாமல் நடக்கும். துளிகள் அருவமாக அலைந்துகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று ஒரு விமானத்தின் உருவத்துக்கு வரும். உடனே ஏதாவது ஒரு குழந்தை, "பிளேன்! பிளேன்!" என்று கத்தும். பெரியவர்கள் தலையாட்டுவார்கள். அடையாளம் கிடைத்துவிட்ட நிம்மதி. உருவம் கலைந்து மறுபடியும் அலையாகும்போது சிலர் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கு நேர்மாறு. விமானம் ஆகிவிட்டால் அது விமானம். ஆகப் போகிறதா இல்லையா என்று துளிகள் தயங்கும் அந்த இடைவெளியைப் பார்க்கத்தான் நான் சீக்கிரமாகவே கிளம்பிப் போகிறேன்.

இனி, சோறு போடும் தொழிலைப் பற்றி. இங்கே அனிமேஷன் தொழில் முழுக்கக் கதையின் மேல்தான் நிற்கிறது. லூக்காஸ்ஃபிலிம் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சிங்கப்பூருக்கு வந்தது, 'ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்' தொடரின் வேலை இங்கே நடந்தது, ஒன்-நார்த் வட்டாரத்தில் சாண்ட்கிராலர் கட்டடம் எழுந்தது, 2023இல் அவர்களின் காட்சி விளைவுக் கிளை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. எரிக் கூ இயக்கிய 'தட்சுமி' 2011இல் கான் வரை போனது. அதுவும் ஜப்பானியப் படக்கதைகளைத் தழுவியது. தொலைக்காட்சிக்குச் செய்யும் சிறுவர் தொடர்கள் பதினொரு நிமிட அத்தியாயங்களாக ஓடுகின்றன. கதைச்சுருக்கம், ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக் என்று ஒவ்வொரு படியிலும், இந்தக் காட்சி கதைக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு தொடரில் ஓர் ஆமை மழையில் குடை பிடித்து நடந்து வரும். குடைமேல் விழும் துளிகள் வழிந்து, விளிம்பில் சேர்ந்து, கனத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சொட்டும். அந்த இரண்டு மூன்று வினாடிகளில் நான் ஒரு சின்ன லயம் வைத்திருந்தேன்: இரண்டு துளி சேர்ந்து, ஒன்று தள்ளி, பிறகு கொஞ்சம் இடைவெளி. மேலிருந்து குறிப்பு வந்தது: ஆமை ஏன் நிற்கிறது, கதை நகரவில்லை. வெட்டினார்கள். வெட்டியது சரியா என்று கேட்டால், அந்த அத்தியாயத்துக்குச் சரிதான். நான்கு வயதுக் குழந்தைக்கு ஆமை வீடு சேர்ந்ததா என்பதுதான் கவலை. துளி மட்டும் என் கணினியில் தனிக் கோப்பாகப் பத்திரமாக இருக்கிறது.

இங்கேதான் வேடிக்கை. அந்தத் துளியை என் ஷோரீலில் சேர்த்தேன். ஷோரீல் என்பது அனிமேட்டர் வேலை தேடும்போது அனுப்பும் ஒன்றிரண்டு நிமிடப் படம். செய்த வேலைகளிலிருந்து நல்ல அசைவுகளை வெட்டி எடுத்து, கதையிலிருந்து பிடுங்கி, இசைக்கு ஏற்றபடி அடுக்குவது. ஒரு குதிரை ஓடும், வெட்டு, ஒரு கை கோப்பையை எடுக்கும், வெட்டு, புகை சுருளும், வெட்டு. யார் குதிரை, யாருடைய கை, ஏன் புகை என்று பார்ப்பவர் கேட்பதில்லை. எடை சரியாக விழுகிறதா, கால இடைவெளி சரியா என்று மட்டும் பார்க்கிறார். கதைதான் ராஜா என்று சொல்லும் தொழில், தன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது கதையில்லாப் படம் பார்த்துத்தான்! இதை ஒரு நேர்காணலில் சொன்னேன். எதிரில் இருந்தவர் சிரித்தார், வேலை கிடைக்கவில்லை.

புகை, நீர், தூசி, தீப்பொறி செய்பவர்களைத் தொழிலில் விளைவுக் கலைஞர்கள் என்கிறோம். இவர்கள் எல்லோரும் மாறுவேடத்தில் இருக்கும் அருவக் கலைஞர்கள் என்பது என் கட்சி. அந்த வேடத்தை அணிந்த பெரிய மனிதர் ஒருவர் உண்டு. ஆஸ்கர் ஃபிஷிங்கர். ஜெர்மனியில் இசைக்கு வட்டங்களையும் கோடுகளையும் ஆடவைத்துப் பேர் வாங்கியவர், நாஜிகளின் காலத்தில் அமெரிக்கா போனார். டிஸ்னி நிறுவனம் 'ஃபேன்டேஷியா' (1940) படத்தில் பாஹின் 'டொக்காட்டா அண்ட் ஃபியூக்' பகுதிக்கு அவரை அமர்த்தியது. கதையே இல்லாத பகுதி, அவருக்கென்றே அமைந்த வேலை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அவர் வரைந்த வடிவங்களை எளிமைப்படுத்தினார்கள், உலகத்துப் பொருள்களை நினைவூட்டும்படி மாற்றினார்கள். அவர் 1939இல் வெளியேறிவிட்டார். படத்தில் அவர் பெயர் இல்லை. அங்கே அவர் கைப்பட்டதாக நிலைத்தது, 'பினோக்கியோ'வில் நீல தேவதையின் மந்திரக்கோல் உதிர்க்கும் ஒளிப்பொறிகள். அந்தப் பொறிகளை மட்டும் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மரப்பொம்மைக்கு உயிர் வந்ததைக் கதை சொல்கிறது; நம்ப வைப்பது அந்தப் பொறிகள்.

அதற்குப் பிறகு ஃபிஷிங்கர் தனியாக உட்கார்ந்து 'மோஷன் பெயின்டிங் நம்பர் 1' (1947) எடுத்தார். ஒரு பலகையில் எண்ணெய் வண்ணத்தால் ஒரு தீற்றல், கேமராவில் ஒரு ஃபிரேம். அடுத்த தீற்றல், அடுத்த ஃபிரேம். வண்ணம் தடித்துப்போனால் மேலே ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை வைத்துத் தொடர்வார். பதினோரு நிமிடம் போல ஓடும் அந்தப் படம் ஓர் ஓவியம் தன்னைத்தானே வரைந்துகொள்வதைக் காட்டுகிறது. சுருள்கள் வளர்ந்து, ஒன்றை ஒன்று மூடி, நேர்கோடுகள் அவற்றை இணைத்து, கடைசியில் எல்லாவற்றையும் பெரிய வடிவங்கள் விழுங்குகின்றன. பணம் கொடுத்த அறக்கட்டளையின் பொறுப்பாளருக்குப் படம் பிடிக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் 1949இல் பரிசு வாங்கியது. இசை பாஹின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ மூன்று. ஆனால் அவருடைய பழைய படங்களைப் போல ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வோர் அசைவு என்று கட்டவில்லை. தாளத்தோடு ஒட்டாமல், தாளத்தை விட்டும் விலகாமல் போகிறது.

இவ்வளவு சொல்வதால் கதையில்லாப் படம் எல்லாமே உயர்ந்தது என்று நான் கோயில் கட்டவில்லை. மாணவர் திரையிடல்களுக்குப் போய் அனுபவித்தவள் நான். மெதுவாகச் சுழலும் துகள்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஓர் ஒலி, ஐந்து நிமிடம். இயக்குநர் மேடையேறி, இது காலத்தைப் பற்றியது என்பார். காலம் போனது உண்மை. இப்படிப்பட்ட படங்களை அடையாளம் காண என்னிடம் ஒரு சோதனை உண்டு: நடுவில் ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்தால் யாருக்காவது தெரியுமா? கதைப்படத்தில் வெட்டினால் காரணம் அறுந்துபோகும், உடனே தெரியும். நல்ல ஜதிஸ்வரத்தில் ஓர் ஆவர்த்தனத்தை, ஒரு தாளச் சுற்றை, வெட்டினால் கோர்வை சமத்துக்கு வராது. மிருதங்கக்காரர் முகமே காட்டிக்கொடுக்கும். எங்கே வெட்டினாலும் தெரியாத படம் வெறும் அலங்காரம். கதையை விட்டவர் அதற்கு ஈடாக ஒரு கணக்கைக் கொண்டுவர வேண்டும். பாதிப் பேர் விட்டதோடு சரி.

அதே போல, கதையில்லாப் படத்துக்குள் வலிந்து கதையைத் திணிப்பவர்களும் எனக்கு ஆகாது. வட்டம் என்றால் கருப்பை, கோடு என்றால் மனிதனின் தனிமை என்று அகராதி வைத்துக்கொண்டு வருவார்கள். 'ஃப்ரீ ராடிக்கல்ஸ்' திரையிட்ட அன்று ஒருவர், இது அணு ஆயுதத்துக்கு எதிரான படம் என்று பத்து நிமிடம் பேசினார். பெரியவரின் நேரடியான கேள்வி இதைவிட எவ்வளவோ நேர்மையானது.

கதை, கதையின்மை என்று இரண்டு முகாம் பிரிப்பதே விமர்சகர்களின் வசதிக்குத்தான்; பட்டறைக்குள் அப்படி யாரும் பாய் பிரித்துப் படுப்பதில்லை. மெக்லாரனே சாட்சி. ஆஸ்கர் பீட்டர்சனின் ஜாஸுக்குப் படச்சுருளிலேயே வண்ணம் தீட்டிக் கும்மாளம் போட்டவர் (எவ்லின் லேம்பார்ட்டோடு சேர்ந்து செய்த 'பிகான் டல் கேர்', 1949), மூன்றே ஆண்டுகளில் 'நெய்பர்ஸ்' எடுத்தார். எல்லைக் கோட்டில் ஒரு பூ முளைக்கிறது, இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் அதற்காக அடித்துக்கொண்டு சாகிறார்கள். அதைவிட நேரான கதை இருக்க முடியாது. ஆஸ்கர் விருதும் வாங்கியது. லோட்டே ரைனிகர் நிழலுருவங்களைக் கத்தரித்து 'இளவரசர் அகமது' (1926) என்ற முழுநீளக் கதைப்படம் செய்தபோது, மந்திரக் காட்சிகளுக்கு அவரோடு உட்கார்ந்தவர் மேலே சொன்ன அதே 'ஓபஸ் 1' ருட்மன். அதற்கு அவர் பயன்படுத்தியது ஃபிஷிங்கர் கண்டுபிடித்த இயந்திரம்: மெழுகுக் கட்டியை மெல்லிய சீவல்களாகச் சீவ, ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு ஃபிரேம் பதிவாகும். ஆயிரத்தொரு இரவுகளின் கதைக்குள் மெழுகின் உட்புறம் மந்திரமாகப் புரண்டது.

வர்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தீர்மானம், அதாவது கால்கள் தாளக்கணக்கில் ஆடும் கோர்வை, பிறகு ஒரு வரி சாகித்தியத்துக்கு அபிநயம், மறுபடியும் தீர்மானம். நாயகி தோழியிடம் கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள், நடுவில் திடீரென்று கால்கள் கணக்குப் பேசுகின்றன. யாரும் குழம்புவதில்லை. அனிமேஷனில் வர்ணத்துக்கு இணையானது எது என்று நண்பர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. ஒரு தரப்பு ரஷ்யாவின் யூரி நார்ஷ்டெய்ன் 1979இல் எடுத்த 'டேல் ஆஃப் டேல்ஸ்' என்கும். பெயரில் இரண்டு முறை கதை இருக்கிறது. படத்தில் கதை இருக்கிறதா என்று சொல்வது கடினம். ஒரு குட்டி ஓநாய், பனியில் ஆப்பிள் தின்னும் சிறுவன், விளக்கடியில் ஜோடிகள் ஆடும் டாங்கோ. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவிடுகிறார்கள். பெண்களின் கைகள் வெறும் காற்றைப் பிடித்தபடி நிற்கின்றன. போர் என்று யாரும் சொல்லவில்லை. இசைத்தட்டு விக்கி நிற்பது மட்டும் கேட்கிறது. நினைவு எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில் படம் வருகிறது.

என் ஓட்டு குஜராத்தில் பிறந்து கனடா போன ஈஷு படேலின் 'பீட் கேம்' (1977) படத்துக்கு. எல்லாமே மணிகள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வண்ண மணிகளைக் கேமராவின் கீழே பரப்பி, நகர்த்தி நகர்த்தி எடுத்தது. மணிகள் சேர்ந்து ஓர் உயிராகும். அதை விழுங்க இன்னோர் உயிர் அதே மணிகளிலிருந்து திரளும். விழுங்கியது கலைந்து வேறொன்றாகும். மீன், பறவை, விலங்கு, பிறகு மனிதன், பிறகு மனிதனின் ஆயுதங்கள். ஐந்தரை நிமிடத்தில் உயிர்களின் சண்டை முழுவதும் முடிந்துவிடுகிறது. கதையா? ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், நானே இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வாக்கியத்துக்காக யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. மணிகள் பிரிந்து கூடும் வேகத்துக்காகவும், பின்னால் ஓடும் இந்தியத் தாள வாத்தியங்களின் நடைக்காகவும் பார்க்கிறார்கள். அவ்வாண்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போய், அதைத் தயாரித்த அதே கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இன்னொரு படத்திடம் தோற்றது. தோற்றதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அடுத்த திரையிடலுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அரங்கேற்றங்களில் நிகழ்ச்சி தொகுப்பவர்களிடமிருந்து எடுத்தது. அவர்கள் பதத்துக்கு முன்னால் கதை சொல்வார்கள்: கண்ணன் வெண்ணெய் திருடிவிட்டான், யசோதை கட்டிப்போட வருகிறாள் என்று. ஜதிஸ்வரத்துக்கு முன்னால் கதை சொல்ல மாட்டார்கள். "அடுத்து, வசந்தா ராகம், ரூபக தாளம்" என்பார்கள், அமர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு வரி போதும்; எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம் என்று அவைக்குத் தெரிந்துவிடும். நாங்கள் சமூக மன்றத்தில் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி, இயக்குநர், நாடு, ஆண்டு என்று அறிவித்தோம். பெரியவர் கதைக்காகக் காத்திருந்ததில் வியப்பில்லை. காத்திருக்க வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே.

எனவே இம்முறை 'நெய்பர்ஸ்' வரும்போது கதையைச் சொல்வோம்: இரண்டு அண்டை வீட்டார், ஒரு பூ. மற்றவற்றுக்கு அறிவிப்பு வேறு மாதிரி இருக்கும். எழுதியும் வைத்துவிட்டேன். "அடுத்து, ஃப்ரீ ராடிக்கல்ஸ். லென் லை. கறுப்புச் சுருளில் ஊசியால் கீறியது. பகிர்மி மக்களின் தாளம். நான்கு நிமிடம்." "அடுத்து, பிகான் டல் கேர். மெக்லாரன், லேம்பார்ட். சுருளின் மேல் வண்ணம். ஜாஸ். விரைவு, நிதானம், மிகு விரைவு என்று மூன்று பகுதிகள்; நடுப்பகுதியில் கறுப்புத் திரையில் மெல்லிய கோடுகள் மட்டுமே வரும், மெஷினில் கோளாறில்லை." வர்ணத்தின் இடத்தில் 'பீட் கேம்' போடுவதாக முடிவாகிவிட்டது. ஓநாய்க் கட்சிக்காரர்கள் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தில்லானாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறோம்.